புல்லட் பராமரிப்பும் பட்டறைத் தமிழும்

முன்னுரை

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் சாலையில் அமைந்த ஊர் பெருமுக்கல். குன்றின்மேல் சிவன் கோயிலும் சிதைந்த கோட்டையும் கொண்டது. கிழக்கே சென்றால் உப்பளங்களும் கடலும் வரும். மேற்கே திரும்பினால் சென்னை - திருச்சி நெடுஞ்சாலை. கருங்கல் உடைக்கும் இடங்களின் தூசியும், கடற்காற்றின் உப்பும், நெடுந்தொலைவுப் பயணமும் ஒருங்கே கூடும் இத்தகைய வழித்தடத்தில் ஓடும் வண்டிக்குச் சோதனை மிகுதி. பழைய தோற்றமும் நெடும்பயண ஆற்றலும் வாய்ந்த மோட்டார் சைக்கிள்களுள் நம் மண்ணிலேயே உற்பத்தியாகி வருவது 'புல்லட்'. அதனைப் பேணும் முறையையும் பழுது நீக்கும் முறையையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். அத்தொழிலை நடத்தும் மொழியைப் பற்றியும் இறுதியில் சில சொல்வோம்.

உப்பு வண்டி ஓட்டிய உமணர், வழியில் அச்சு முறிந்தால் பயன்படும் என்று மாற்று அச்சு ஒன்றை வண்டியின் அடியில் கட்டிச் சென்றனர். புறநானூற்றின் 102-ஆம் பாடலில் ஔவையார் இதனை உவமையாக்குகிறார். பழுது வந்தபின் வருந்துவதினும் வருமுன் காத்தலே பயணத்தின் முதல் பாடம் என்பதைத் தமிழர் பண்டே அறிந்திருந்தனர்.

வண்டியின் வரலாறு

இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் இயங்கிய என்ஃபீல்டு நிறுவனம் 1901-இல் மோட்டார் சைக்கிள் செய்யத் தொடங்கியது. 1932-இல் 'புல்லட்' என்னும் பெயரை அறிமுகப்படுத்தியது. இந்தியப் படையின் தேவையை ஒட்டி, 1955-இல் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்துடன் கூட்டு ஏற்பட்டு, 'என்ஃபீல்டு இந்தியா' தோன்றியது. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. இங்கிலாந்தில் உற்பத்தி 1970-இல் அடியோடு நின்றது. திருவொற்றியூரிலோ தொடர்ந்து நடந்தது. 1994-இல் ஐஷர் குழுமத்துடன் இந்நிறுவனம் இணைந்தது. 2013-இல் ஒரகடத்திலும் ஆலை இயங்கத் தொடங்கியது. பிறந்த நாட்டில் மறைந்த வண்டி தமிழகத்தில் வாழ்ந்தது என்பது நாம் பெருமையுடன் நினைக்கத்தக்க செய்தி.

பழைய புல்லட்டின் என்ஜின் 346 சி.சி. கொள்ளளவு உடையது. சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டனின் வீச்சு 90 மில்லிமீட்டர். விட்டத்தினும் வீச்சு நீண்டிருப்பதாலும், உள்ளே சுழலும் சக்கரம் கனமாக இருப்பதாலும், குறைந்த வேகத்திலேயே நல்ல இழுவை கிடைக்கிறது. அதன் தனி ஓசைக்கும் இவ்வமைப்பே பெருங்காரணம்.

கிளப்பும் முறை

பழைய புல்லட்டைக் கிளப்புவதற்கு வலிமை வேண்டும் என்பது பொதுவான எண்ணம். உண்மையில் வேண்டுவது முறையே. சாவியைத் திருப்பியபின் ஆம்ப் மீட்டரின் முள்ளைக் கவனிக்க வேண்டும். பாயிண்ட் மூடியிருந்தால் முள் இடப்பக்கம் சாயும். திறந்தால் நடுவுக்கு வரும். டீகம்ப்ரஸர் நெம்பியைப் பிடித்துக்கொண்டு கிக்கரை மெல்ல அழுத்தினால், முள் நடுவுக்கு வரும் இடம் புலப்படும். அதனைச் சற்றே கடந்ததும் நெம்பியை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே சீராக முழுதும் மிதிக்க வேண்டும். அப்போது பிஸ்டன் அழுத்த உச்சியைக் கடந்து நிற்பதால், அடுத்த அழுத்தம் வருமுன் கனத்த சக்கரம் வேகம் பெற்றுவிடுகிறது. இம்முறை தவறாதிருந்தும் கிக்கர் காலைத் திருப்பி அடித்தால், பொறி உரிய நேரத்திற்கு முன்பே விழுகிறது என்று கொள்ளலாம். டைமிங்கைச் சரிபார்க்காமல் மீண்டும் மீண்டும் மிதிப்பது கணுக்காலுக்குக் கேடு.

நோய் நாடும் நெறி

என்ஜின் ஓடுவதற்கு எரிபொருளும் காற்றும், உரிய நேரத்தில் பொறி, போதிய அழுத்தம் ஆகிய மூன்றும் வேண்டும். வண்டி கிளம்பவில்லை என்றால் இம்மூன்றில் எது குறைந்தது என்று முறையாகத் தேடுவதே அறிவுடைமை. எடுத்த எடுப்பில் என்ஜினை இறக்குவது பொருளையும் நேரத்தையும் வீணாக்கும்.

முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். மருத்துவர் நாவைப் பார்ப்பது போன்றது இது. முனை இளம்பழுப்பாக இருந்தால் எரிதல் செம்மையாக நடக்கிறது. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி, அல்லது ஏர் ஃபில்டர் தூசியால் அடைபட்டிருக்கிறது. வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. என்ஜின் மிகையாகச் சூடேறுகிறது. எண்ணெய் ஈரம் தெரிந்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வு வழியோ தேய்ந்திருக்கிறது. பிளக் இடைவெளி சுமார் அரை மில்லிமீட்டர் இருத்தல் நலம்.

அடுத்தது பாயிண்ட். அதன் முகங்கள் கருகிக் குழி விழுந்தால் பொறி மெலியும். வண்டி 'மிஸ்' அடிக்கும். முகங்களைத் துடைத்து, ஃபீலர் கேஜ் கொண்டு 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை இடைவெளி வைப்பது வழக்கம். இடைவெளி மாறினால் பொறி விழும் நேரமும் மாறும். ஆதலால் முதலில் பாயிண்ட், பிறகு டைமிங் என்னும் வரிசை மாறக்கூடாது.

டேப்பட் வைப்பது என்ஜின் ஆறியிருக்கும்போது செய்ய வேண்டிய வேலை. அழுத்த உச்சியில் இரு வால்வுகளும் மூடியிருக்கும்போது, தள்ளுதண்டு விரலால் சுழற்றினால் தடையின்றிச் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடக்கூடாது. சூடேறும்போது சிலிண்டரும் அதன் தலைப்பகுதியும் விரிவதால் இடைவெளி தானே உண்டாகும். ஓசை கேட்கிறது என்று அஞ்சி மிக இறுக்கிவிட்டால் வால்வு முழுதும் மூடாது, அழுத்தம் கசியும், நாளடைவில் வால்வு கருகும். சிறிது ஓசை உள்ள டேப்பட்டினும் ஓசையே இல்லாத இறுகிய டேப்பட் தீங்கானது என்பதை உடையவர் உணர வேண்டும்.

எண்ணெயில் மற்றொரு நுட்பம் உண்டு. பழைய புல்லட்டில் எண்ணெய் தனி அறையில் தங்கும். ஒரு பம்பு அதனை உறுப்புகளுக்கு அனுப்பும். மற்றொன்று அடியில் சேர்வதை அறைக்கே மீட்கும். வண்டி பல நாள் நின்றால் எண்ணெய் மெல்லக் கசிந்து அடிப்பகுதியில் இறங்கிவிடும். அளவுகோலைப் பார்த்துக் குறைவு என எண்ணி மேலும் ஊற்றினால், என்ஜின் ஓடியதும் மிகையான எண்ணெய் வெளியே தள்ளப்படும், புகையும் சூழும். சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்தியபின் அளவு பார்ப்பதே முறை.

உயிர் காக்கும் உறுப்புகள்

என்ஜின் பழுதானால் பயணம் நிற்கும். செயினும் பிரேக்கும் பழுதானால் உயிருக்கே இடர். கீழ்ப்பக்கச் செயினின் நடுவே 25 முதல் 30 மில்லிமீட்டர் வரை தளர்ச்சி இருக்கலாம். செயின் எங்கும் ஒரே சீராகத் தேய்வதில்லை. எனவே சக்கரத்தைச் சுழற்றி, மிக இறுக்கமான இடத்தில் அளக்க வேண்டும். இருபக்கக் குறிகளும் ஒத்திராவிடில் சக்கரம் கோணி நிற்கும். இணைப்புக் கண்ணியின் கிளிப்பில், மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்க வேண்டும். மாற்றிப் போட்டால் கழன்றுவிடும். செயினை இறுக்கச் சக்கரத்தைப் பின்னுக்குத் தள்ளியதால் பின்பிரேக் கம்பியின் அளவும் மாறியிருக்கும். இதனை மறந்து புறப்படுவோர் பலர்.

மரக்காணப் பக்கம் சென்று வந்த வண்டியை நன்னீரால் கழுவி, உலர்ந்தபின் செயினுக்கு எண்ணெய் இடுதல் நன்று. உப்புப் படிவு ஸ்போக்ஸ் கம்பிகளின் அடியை அரிக்கும். ஒவ்வொரு கம்பியையும் ஸ்பேனரால் மெல்லத் தட்டினால் சீரான ஒலி எழ வேண்டும். மழுங்கிய ஒலி தளர்ச்சியைக் காட்டும். கல்தூசி நிறைந்த சாலையில் ஓடும் வண்டிக்கு ஏர் ஃபில்டரைக் கையேடு சொல்லும் காலத்திற்கு முன்பே துடைக்க வேண்டும்.

பட்டறையில் உழைப்போரின் உடல்நலம் பெரும்பாலும் பேசப்படுவதில்லை. பழைய பிரேக் கட்டைகளில் கல்நார் கலந்திருந்தது. டிரம்மைத் திறந்து காற்றடித்துத் தூசியை ஊதினால், அந்நுண்ணிழைகள் நுரையீரலில் தங்கி, ஆண்டுகள் பல கழிந்தபின் கொடிய நோயைத் தரக்கூடும். ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே தக்கது. பட்டறையில் பயிலும் இளஞ்சிறாரின் மூச்சும் இதில் அடங்கியுள்ளது. கழிவு எண்ணெயை வாய்க்காலில் கொட்டுவதும் ஊரின் கிணற்று நீருக்கு இழைக்கும் தீங்கே.

மாறிவரும் தொழில்நுட்பம்

2008-க்குப் பின் வந்த புதிய என்ஜின்களில் கியர்ப்பெட்டியும் என்ஜினும் ஒரே கூட்டுக்குள் அமைந்தன; டேப்பட் எண்ணெய் அழுத்தத்தால் தானே சரிசெய்துகொள்ளும் வகையினதாயிற்று. 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.6 புகை விதியை ஒட்டி, கார்புரேட்டர் இருந்த இடத்தில் மின்னணு எரிபொருள் செலுத்தி வந்தது. அவ்வாண்டு நவம்பரில் 'மீட்டியார்' வண்டியுடனும், 2021-இல் 'கிளாசிக் 350' வண்டியுடனும் 349 சி.சி. புதிய என்ஜின் வந்தது. தோற்றம் பழையது, உள்ளுறுப்புகளோ புதியவை. காதால் கேட்டுக் கண்டறிந்த பழுதை இன்று கருவியை இணைத்துக் குறியீட்டால் அறிகின்றனர். பாயிண்டும் டைமிங்கும் கைவந்த மூத்தவர் புதிய வண்டியின் முன் தயங்குகிறார். கருவியை மட்டுமே பயின்ற இளைஞர் பழைய வண்டியின் முன் திகைக்கிறார். இவ்விருவர் அறிவும் ஒன்றுசேராவிடில் இழப்பு நமக்கே. எனினும் எரிபொருள், பொறி, அழுத்தம் என்னும் மூன்றையும் வரிசையாகத் தேடும் நெறி இரு காலத்திற்கும் பொதுவானது.

பட்டறைத் தமிழ்

இத்தொழிலின் உறுப்புப் பெயர்கள் பெரும்பாலும் ஆங்கிலம், வினைகளோ தமிழ். டேப்பட் 'வைத்தல்', என்ஜின் 'இறக்குதல்', ஸ்போக்ஸ் 'கட்டுதல்', பிளக்கில் கரி 'பிடித்தல்', வண்டியைத் 'தள்ளிக் கிளப்புதல்' என்று பட்டறையில் வழங்கும் தொடர்களை நோக்குக. வந்த பெயர்ச்சொல்லைத் தமிழ் வினை தனதாக்கிக்கொள்கிறது. கலைச்சொல் ஆக்குவோர் பெயர்களை மொழிபெயர்ப்பதிலேயே கருத்தைச் செலுத்துகின்றனர்; தொழிலாளி ஆக்கிய இவ்வினைகளை அகராதிகள் போதிய அளவு பதிவுசெய்யவில்லை. பள்ளிக் கல்வி முற்றுப்பெறாத ஒருவர் இம்மொழியில்தான் நுட்பத்தைக் கற்கிறார், இம்மொழியில்தான் கற்பிக்கிறார். அது எழுதப்படாதிருந்தால், கற்பித்தவரோடு அந்நுட்பமும் மறையும்.

முடிவுரை

பராமரிப்பு என்பது உறுப்புகளின் இயல்பறிந்து, காலம் தவறாமல், வரிசை மாறாமல் செய்யும் கடமை. வண்டியோட்டும் மாணவர் செயின், பிரேக், எண்ணெய் ஆகிய மூன்றையேனும் தாமே பார்க்கப் பழகுதல் வேண்டும். தமிழ் பயிலும் மாணவர் தம் ஊர்ப் பட்டறைக்கு ஒரு குறிப்பேட்டுடன் சென்று, அங்கு வழங்கும் சொற்களையும் செய்முறைகளையும் மூத்த தொழிலாளரிடம் கேட்டு எழுதுதல் வேண்டும். ஊர்தோறும் இப்பணி நிகழுமாயின், தொழிலுக்கு நூலும் மொழிக்குப் புதுவளமும் ஒருங்கே கிட்டும்.