வேன் வேண்டாம்... ரயிலே போதும்!

பள்ளிக்கூடம் லீவு விட்டதும் எங்கள் தெருவில் முதலில் கிளம்பும் பேச்சு, "இந்த வருஷம் எந்தப் பக்கம் வேன் போடலாம்?" என்பதுதான். நாலு குடும்பம் சேர்ந்து வேன் பிடித்து, ரெண்டு நாளில் எட்டுக் கோயில், ஒரு அருவி, ஒரு அணை என்று சுற்றிவிட்டு வந்துவிடுவார்கள். தலைக்கு இவ்வளவு என்று பார்த்தால் செலவு குறைவுதான். ஆனால் அந்த வேனில் உட்கார்ந்து வரும் பொம்பளைகள் படும் பாட்டை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

நேராகவே சொல்கிறேனே. ஆம்பளைகளுக்கு ரோட்டோரம் எங்கே நிறுத்தினாலும் சரிதான். நமக்கு அப்படியா? பெட்ரோல் பங்க் வரும் வரை, நல்ல ஓட்டல் வரும் வரை அடக்கிக்கொண்டு உட்கார வேண்டும். "வண்டியை நிறுத்துங்க" என்று பதினெட்டுப் பேர் முன்னால் சொல்லக் கூச்சம். அதனால் நம்மில் பல பேர், கிளம்புவதற்கு முந்தின ராத்திரியே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறோம். செய்கிறோமா இல்லையா, நீங்களே சொல்லுங்கள்!

என் மாமியாருக்கு அறுபத்தெட்டு வயசு. மாமா தவறிய பிறகு ஆறு வருஷமாக எந்தப் பயணத்துக்குக் கூப்பிட்டாலும், "முழங்கால் வலிக்குது தாயி, நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்டைப் பாத்துக்கிறேன்" என்பார். வயசான காலத்தில் ஓய்வு கேட்கிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். 2024 ஆவணியில் என் கொழுந்தனார் மகள் கல்யாணத்துக்கு வராமல் இருக்க முடியுமா? வேனில் வந்தார். காலையிலிருந்து ஒரு வாய் காபி கூடத் தொடவில்லை. மண்டபத்திலும் தொண்டையை நனைக்கவில்லை. ராத்திரி வீடு திரும்பியபோது உடம்பு அனலாகக் கொதித்தது. மறுநாள் டாக்டரம்மாவிடம் காட்டினால், யூரின் இன்ஃபெக்‌ஷன். "தண்ணி குடிக்காம இருந்தா இப்படித்தான் வரும்" என்று சத்தம் போட்டார்.

அன்று ராத்திரி கஞ்சி கொடுக்கும்போதுதான் அத்தை மெதுவாகச் சொன்னார். "முட்டி வலியெல்லாம் பெருசு இல்ல தாயி. எனக்கு ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவ போகணும். அடக்கவும் முடியல. வேன்ல நனைஞ்சு போச்சுன்னா மானம் போயிரும்ல? அதான் வரமாட்டேன்னேன்." ஆறு வருஷம்! மகனிடம் சொல்ல முடியுமா, பேரப்பிள்ளைகளிடம் சொல்ல முடியுமா? (அத்தையிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். "எழுது, என் பேரை மட்டும் போட்டுறாத" என்றார்.) வயசான பெண்களுக்கு இது சகஜமாக வருவதுதான், இடுப்புத் தசைக்குப் பயிற்சி இருக்கிறது, மருந்தும் இருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னார். பயிற்சியை ஆரம்பித்து ஓரளவு தேறினார்.

அத்தையின் ரொம்ப நாள் ஆசை ராமேஸ்வரம். 2025 மே மாதம், பிள்ளைகளுக்கு லீவு. "ரயிலில் போவோம்" என்றேன். ரயிலில்தான் நினைத்த நேரத்துக்கு எழுந்து போகலாம், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. இவர் முதலில், "பாசஞ்சர்ல கூட்டம் இருக்கும், அம்மாவுக்கு எடம் கெடைக்குமா?" என்று இழுத்தார். அதற்கும் வழி இருந்தது. வண்டி மதுரையில்தானே கிளம்புகிறது! முந்தின நாளே மதுரையில் நாத்தனார் வீட்டில் தங்கி, விடிவதற்குள் ஸ்டேஷன் போய், ஜன்னலோரமாக, கழிவறைக்குக் கிட்டத்தில் இடம் பிடித்தோம். (வாடை கொஞ்சம் வரத்தான் செய்யும். எலுமிச்சம்பழம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டால் போதும்.) பாசஞ்சர் பெட்டியில் குத்தவைக்கிற கழிவறைதான் இருந்தது. உள்ளே கம்பியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, நானோ என் மகளோ கதவருகில் நின்றுகொண்டோம்.

ஏறக்குறைய நாலு மணி நேரம், வழியெல்லாம் பாடம்தான்! திருப்பாச்சேத்தி வந்ததும் "இங்கதான் அருவாளுக்குப் பேர்" என்றார் அத்தை. மானாமதுரையில் மண்பானை. ராமநாதபுரத்தில் முண்டு மிளகாய், குண்டு குண்டாக இருக்குமே, அதற்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அரைக்கிலோ வாங்கிப் போகலாம் என்று அங்கேயே மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டேன். இட்லியில் மிளகாய்ப்பொடி தடவி வாழையிலையில் கட்டியிருந்தேன். அத்தை நாலு இட்லி சாப்பிட்டு, ஒரு சொம்பு தண்ணீரும் குடித்தார். அதைப் பார்த்து இவர் என்னைப் பார்த்தார்.

மண்டபம் தாண்டியதும் பெட்டி முழுக்க எழுந்து நின்றுவிட்டது. பாம்பன் பாலம்! 1914-ல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயிலை நிறுத்திவிட்டார்கள். புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6-ந் தேதி திறக்கப்பட்டது. நாங்கள் போனது அடுத்த மாதமே. பழைய பாலம் பக்கத்திலேயே தெரிந்தது. கப்பல் போகும்போது அதை ஆட்கள் கையால் சுற்றித் திறப்பார்கள், ரெண்டு கதவு மேலே தூக்குவது போல நடுப்பாகம் பிரியும். புதுப் பாலத்தில் நடுவில் இருக்கும் துண்டு அப்படியே லிஃப்ட் மாதிரி 17 மீட்டர் உயரம் போகிறது, இதற்கு மோட்டார். அத்தை, "கல்யாணம் ஆன புதுசுல உங்க மாமாவோட வந்தேன், எல்லாரும் காசு போட்டோம்" என்று முந்தானை முடிச்சை அவிழ்த்து ஆளுக்கொரு ரூபாய் கொடுத்தார். ஜன்னலோரத்தை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை!

தங்குவதற்கு ரூம் சொல்லும்போது போனிலேயே மூன்று விஷயம் கேட்டுவிடுங்கள்: கீழ்த்தளமா, வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா, கோயிலிலிருந்து எவ்வளவு தூரம். வாடகை கொஞ்சம் கூடப் போனாலும் பரவாயில்லை. ரெண்டு ராத்திரி ஒரே இடம். தினமும் மூட்டை கட்டிப் பிரிக்கும் வேலை எனக்கு மிச்சம்.

அக்னி தீர்த்தத்தில், அதாவது கடலில், காலை நனைத்துவிட்டு உள்ளே போனால் 22 தீர்த்தம். வாளி வாளியாகத் தலையில் ஊற்றுவார்கள். தரையெல்லாம் ஈரம், கருங்கல் வழுக்கும். ஆறு கிணற்றோடு அத்தை போதும் என்று உட்கார்ந்துவிட்டார். மூணாங்கிளாஸ் படிக்கும் என் மகன் மீதிப் பதினாறிலும், "இது எனக்கு, இது அப்பத்தாவுக்கு" என்று ரெண்டு ரெண்டு வாளி கேட்டு வாங்கிக்கொண்டான். ஈரத்துணியோடு சன்னதிக்குப் போகக்கூடாது. ஒவ்வொருவருக்கும் உலர்ந்த உடுப்பைத் தனித்தனி மஞ்சப்பையில் பேர் எழுதி வைத்தது அங்கேதான் கை கொடுத்தது. வெள்ளைச் சேலை, மெல்லிய சேலை வேண்டாம், அடர்ந்த நிறத்தில் கட்டிக்கொள்ளுங்கள். ஊக்கு பத்தாவது வேண்டும். செல்போனை உள்ளே விடமாட்டார்கள், ரூமிலேயே வைத்துவிடுவது நல்லது. மூன்றாம் பிரகாரத்தில் தூண் வரிசை கண்ணுக்கெட்டிய தூரம் போகும். அத்தை நடுநடுவே உட்கார்ந்து, அவசரமில்லாமல் சுற்றினார். வேனில் வந்திருந்தால் டிரைவர் ஹாரன் அடித்திருப்பார்.

இன்னொன்று. கோயில் பயணம் என்றால் நாள் தள்ளிப்போட மாத்திரை வாங்கிப் போடுகிறோமே, டாக்டரைக் கேட்காமல் அது வேண்டாம். நான் அடுப்படிக் காலண்டரில் என் தேதியைப் பார்த்துத்தான் பயணத் தேதியையே சொன்னேன். இவர் லீவு கேட்டது அதற்கப்புறம்.

மறுநாள் தனுஷ்கோடி. கிளம்பும் முன் எல்லோரும் ரூமிலேயே எல்லாம் முடித்துவிட்டோம், வழியில் வசதியை எதிர்பார்க்க முடியாது. 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் அந்த ஊரே போய்விட்டது. பாம்பனிலிருந்து வந்த ரயிலும் பயணிகளோடு போய்விட்டது, நூறு பேருக்கு மேல். அப்போது அத்தைக்கு ஏழு வயசு. "ஜெமினி கணேசனும் சாவித்திரியும் ராமேஸ்வரத்துல மாட்டிக்கிட்டாகன்னு ஊரெல்லாம் பேச்சு" என்றார். இடிந்த சர்ச்சின் சுவர் நிற்கிறது. அங்கே என் மகள் ஒரு வார்த்தை பேசவில்லை.

2017-ல் போட்ட ரோட்டில் அரிச்சல்முனை வரை போகலாம். ஒரு பக்கம் அலையே இல்லாத கடல், அதைப் பெண் கடல் என்கிறார்கள். இன்னொரு பக்கம் சத்தம் போடுவது ஆண் கடல். இவரைப் பார்த்து அத்தை சிரித்தார்! குளிக்க இறங்காதீர்கள், இழுத்துவிடும். நிழல் கிடையாது, குடை அவசியம்.

திரும்பும்போது பேய்க்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம். போர்க்காலத்தில் ரயில் ராமேஸ்வரத்தில் நிற்காமல் போனபோது, ஓடும் வண்டியிலிருந்து வீசும் பேப்பர் கட்டுகளை எடுத்துக் கொடுத்துத்தான் அவர் முதல் காசு சம்பாதித்தார் என்று சொன்னேன். ஊர் வந்ததிலிருந்து என் மகன் காலையில் பேப்பரை ஓடிப்போய் எடுக்கிறான், கூலியும் கேட்கிறான்.

இப்போது அத்தையே, "தென்காசிக்கு ரயிலு எத்தனை மணிக்குத் தாயி?" என்று கேட்கிறார். மதுரையிலிருந்து செங்கோட்டை வண்டி இருக்கிறது. குற்றாலச் சீசனில், முழங்கால் முடியாதவர்கள் கீழ்த்தளத்தில் தங்க, வெஸ்டர்ன் டாய்லெட்டோடு, அருவிக்குப் பக்கத்தில் எங்கே ரூம் கிடைக்கும்? அந்தப் பக்கத்துத் தோழிகள் யாராவது இந்தப் பகுதிக்கு எழுதினால் எங்கள் வீட்டுக்கு உதவியாக இருக்கும்.

- மதுரை மாவட்ட வாசகி