பழைய தொட்டிக்குப் புதுப் பூச்சு

அமெரிக்காவின் பழைய வீடுகளில் உள்ள குளியல் தொட்டி பெரும்பாலும் வார்ப்பிரும்பால் ஆனது. ஐந்தடித் தொட்டி ஒன்றே 150 கிலோ அளவுக்குக் கனக்கும். அதைக் கழற்ற வேண்டுமென்றால் சுவர் டைல்ஸையும் பெயர்க்க வேண்டும். குறுகலான மாடிப்படியில் இறக்க முடியாமல், தொட்டியைச் சம்மட்டியால் உடைத்துத் துண்டு துண்டாக வெளியேற்றுவதும் உண்டு. தொட்டியை இருந்த இடத்திலேயே விட்டு மேற்பரப்பை மட்டும் புதுப்பிக்கும் தொழில் அங்கே நிலைத்திருப்பது இதனால்தான்.

அந்த மேற்பரப்பு எனாமல். 1883-ல் விஸ்கான்சின் மாநிலத்தில் ஜான் மைக்கேல் கோலர், குதிரைக்குத் தண்ணீர் காட்டும் இரும்புத் தொட்டிக்கு எனாமல் ஏற்றி, நான்கு கால் பொருத்தினால் குளிக்கவும் ஆகும் என்று விற்றார். எனாமல் என்பது பெயின்ட் அல்ல, கண்ணாடி. செக்கச் சிவக்கக் காய்ந்த இரும்பின் மேல் கண்ணாடித் தூளைத் தூவி உருகவைப்பார்கள். உலை இல்லாமல் அது திரும்ப வராது. வீட்டுக்கு வந்து அடித்துத் தரும் பூச்சு எபாக்சி, யூரித்தேன் வகை பெயின்ட்தான். விளம்பரம் அதற்கு என்ன பெயர் வைத்தாலும் சரி.

கண்ணாடியில் பெயின்ட் லேசில் ஒட்டாது. எனவே வேலையின் பெரும்பகுதி பூச்சுக்கு முன்பே நடக்கிறது. ஓரத்துச் சிலிக்கானைச் சுரண்டி, சோப்புப் படிவும் எண்ணெய்ப் பசையும் போகத் தேய்த்தபின் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பார்கள். படலமாகப் பரவி வழிந்தால் சுத்தம். முத்து முத்தாகத் திரண்டால் பசை இன்னும் போகவில்லை. அடுத்து, அமிலம் தடவியோ உப்புத்தாளால் தேய்த்தோ பளபளப்பை எடுத்துச் சொரசொரப்பாக்க வேண்டும். பழைய எனாமலில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் உலர்வாகத் தேய்ப்பது ஆபத்து.

குழாய்க்கு நேர் கீழே, பல வருடம் சொட்டிய நீர் எனாமலை அரித்த இடத்தில் துருக்கறை நாக்குபோல் நீண்டிருக்கும். அங்கே துருவைச் சுரண்டிப் பட்டி பார்த்து, விரலுக்குத் தட்டுப்படாத அளவுக்கு இழைக்க வேண்டும். பளிச்சென்ற வெள்ளைப் பூச்சு சிறு குழியைக்கூடக் காட்டிக் கொடுத்துவிடும். பிறகு பிரைமர்; அதன்மேல் ஸ்பிரே கன்னில் மெல்லிய கோட்டுகள். ஓரிரு நாள் தண்ணீர் படக்கூடாது.

தேர்ந்த கை அடித்த பூச்சு 10 முதல் 15 ஆண்டு தாங்கும். கடையில் கிட் வாங்கி வீட்டுக்காரரே அடிப்பது பெரும்பாலும் அதில் பாதிகூடத் தாங்குவதில்லை. உராயும் கிளீனிங் பவுடரும், உறிஞ்சிப் பிடிக்கும் குமிழ் வைத்த ரப்பர் விரிப்பும் இதற்கு எமன். தண்ணீர் போகும் துளையின் விளிம்பில் செதில் எழும்பினால், கேடு தொடங்கிவிட்டது என்று பொருள்.

செதிலின் மேலேயே மறுபடி அடித்தால் அதுவும் சேர்ந்து உரியும். பழையதை முழுக்க எடுத்தாக வேண்டும். அதற்கு நெடுநாள் பயன்பட்டது மெத்திலீன் குளோரைடு என்ற கரைப்பான். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் தொட்டிக்குள்ளேயே தேங்கும். உரிப்பவரின் தலையும் அங்கேதான் குனிந்திருக்கும். 2000 முதல் 2011 வரை இந்த வேலையில் 13 பேர் இறந்ததை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2012-ல் வெளியிட்டது. பெயின்ட் உரிக்க அதைப் பொதுமக்களுக்கு விற்பது 2019-ல் தடை செய்யப்பட்டது.