கோட்டுருவும் நிரல்மொழியும்

கணிப்பொறிக்கு நாம் இடும் கட்டளைத் தொகுதி நிரல் எனப்படும். அதனை எழுதுதற்கென வகுத்த மொழி நிரல்மொழியாம். இவற்றுட் பல, இதனைச் செய், பின் அதனைச் செய் என ஏவும் முறையின. மற்றொரு வகையோ, இன்னது இன்னதற்குச் சமம் என்னும் விதிகளை மட்டும் உரைத்து, விடை காணும் வழியைப் பொறிக்கே விடுவது. இவ்வகை மொழிகளை அமைப்பார்க்கு உற்ற துணையாவது கோட்டுரு மாற்றம் என்னும் முறை. அதன் இயல்பைச் சிறிது ஆராய்வோம்.

ஓர் எண்ணின் இரட்டி, அவ்வெண்ணை அதனோடே கூட்டிய தொகை என்பது விதி. 3-ஐ 4-ஆற் பெருக்கி வருவதன் இரட்டியைக் காணல் வேண்டும் என்க. விதியை எழுத்தளவிற் கொண்டு விரிப்பின், அப்பெருக்கல் இரண்டிடத்து எழுதப்படும். இருமுறை செய்யவும் நேரும். இரட்டித்தலைப் பத்து முறை அடுக்கின், ஒரு பெருக்கல் 1024 முறை நிகழும். முன்னரே பெருக்கிவிடலாமே எனின், விடை வேண்டப்படாதவிடத்து அவ்வுழைப்பு வீணாம். முடிவே இல்லாத கணக்காயின் பொறி அதனுள்ளேயே உழலும்.

இனிக் கோட்டுருவின் வழியைக் காண்க. கணக்கைப் புள்ளிகளாகவும் அம்புக்கோடுகளாகவும் வரைக. கூட்டற்புள்ளியினின்று இரு கோடுகள் புறப்பட்டுப் பெருக்கலாகிய ஒரே புள்ளியை அடையும். விடை வேண்டியபொழுது பெருக்கி, அப்புள்ளியை இருந்த இடத்திலேயே 12 என மாற்றின், இரு கோடுகளும் அவ்விடையையே சுட்டும். பத்தடுக்கிலும் பெருக்கல் ஒன்றே, கூட்டல் பத்தே.

இம்முறையை 1971-இல் கிறிஸ்தோபர் வாட்ஸ்வொர்த் என்பார் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியுரையில் விளக்கினர். 1979-இல் டேவிட் டர்னர் இதனைக்கொண்டு நிரல்மொழியை இயக்கும் நெறி காட்டினர். 1987-இல் நெதர்லாந்து நாட்டு நைமேகன் பல்கலைக்கழகத்தார் இதனையே அடிப்படையாக்கிக் கிளீன் என்னும் மொழியை வெளியிட்டனர்.

நிற்க. ஒன்றைப் பலர் சுட்டுவதில் ஓர் இடர்ப்பாடும் உண்டு. ஒரு கோப்பை இரு கோடுகள் சுட்டிநிற்க, ஒருபால் அது திருத்தப்படுமாயின், மறுபால் காண்பது பழையதோ, புதியதோ? செய்யும் முறைவைப்பிற்கேற்ப விடை வேறுபடும். சமம் என்ற விதி பொய்க்கும். திருத்தந்தோறும் முழுப் பிரதி எடுப்பின் பிழை நேராது. ஆயினும் காலமும் இடமும் மிக வீணாம். கிளீன் மொழியார் பின்னர்க் கண்ட தீர்வு யாதெனின், ஒரு பொருளை ஒரே கோடு சுட்டுகின்றதா என்பதை நிரல் இயங்குமுன்னரே சோதித்தலாம். அங்ஙனம் தனித்த பொருளை இருந்த இடத்தில் மாற்றினும் கேடில்லை, அதன் பழைய வடிவைக் காண்பார் பிறர் இன்மையின். பலர் சுட்டும் பொருளை அவ்வாறு திருத்த முயலும் நிரலோ ஏற்கப்படாது.

ஆதலின், மொழி அமைப்பார் சொற்களையும் குறிகளையும் வகுத்தளவில் அமையாது, எது பலர்க்கும் பொதுவாகலாம், எது ஒன்றற்கே உரியதாதல் வேண்டும் என்பதையும் வரையறுத்தல் இன்றியமையாததாம்.