கொடுத்துட்டுப் போன கோப்பை!

2014 ஜூலை 8. உலகக் கோப்பை அரையிறுதி. சொந்த மண்ணிலேயே 7-1னு ஜெர்மனிகிட்ட நொறுங்கிப்போச்சு பிரேசில். தொப்பி, பெரிய மீசை, டம்மி கோப்பையைக் கட்டிப்பிடிச்சு கலங்கி நின்ன பெரியவர் போட்டோ... பார்த்திருப்பீங்களே பாஸ்? அவர்தான் க்ளோவிஸ் ஃபெர்னாண்டஸ். 1990-ல் இருந்து ஏழு உலகக் கோப்பைக்கும் டீம் பின்னாடியே போனவர்!

'உலகின் சோகமான ரசிகர்'னு அந்தப் படம் உலகத்தையே சுத்துச்சு. ஆனா, அடுத்து நடந்ததுதாங்க மேட்டர். உயிரா சுமந்த அந்தக் கோப்பையை ஒரு ஜெர்மனி ரசிகை கையில் கொடுத்துட்டார் மனுஷன். (நம்ம ஹாஸ்டல் டி.வி ரூம்ல, தோத்தா ரிமோட்தான் பறக்கும்!)

2015 செப்டம்பர் 16. கேன்சர் அவரைக் கொண்டுபோயிடுச்சு. வயசு 60. 2018 உலகக் கோப்பைக்கு ரஷ்யா போனாங்க அவரோட மகன்கள்... அப்பா மாதிரியே தொப்பி, கையில் கோப்பை.