எவ்வளவு வேணும் பாஸ்?

உண்டியலைத் தூக்கிக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிட்டீங்களா? ஒரு நிமிஷம்! 'எவ்வளவு வேணும்?'னு யாராவது கேட்டா என்ன சொல்வீங்க? 'முடிஞ்சதைப் போடுங்க'ன்னா விழறது சில்லறைதான்.

ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு நிதி திரட்டினாங்களே, ஞாபகமிருக்கா? இலக்கு 60 லட்சம் டாலர். அசலில் கை வைக்காம, அதில் வர்ற வருமானத்திலேயே பேராசிரியருக்குச் சம்பளம். அதான் அவ்வளவு பெரிய தொகை! 2015-ல் அமெரிக்கவாழ் தமிழ் டாக்டர்கள் ரெண்டு பேர் ஆளுக்கு 5 லட்சம் டாலர் தர முன்வந்தாங்க. மீதி 50 லட்சம்னு எல்லாருக்கும் பளிச்சுனு தெரிஞ்சது. 2017-ல் தமிழக அரசு 10 கோடி ரூபாய் அறிவிச்சது. 2018 மார்ச்சில் இலக்கைத் தொட்டாச்சு.

உங்க கணக்கு சின்னதுதான். 40 பிள்ளைகளுக்கு நோட்டு, ஆளுக்கு 150 ரூபாய்னா 6,000. அதை உண்டியல் மேலேயே எழுதி ஒட்டுங்க. தினமும் சேர்ந்ததை நோட்டீஸ் போர்டில் போடுங்க. 6,000 வந்ததும் உண்டியலை மூடிடுங்க, ப்ளீஸ்!