சங்கு ஓய்ந்த பின்னர்

புதுச்சேரியில் ஒரு காலத்தில் கடிகாரம் இல்லாத வீட்டிலும் நேரம் தவறுவதில்லை. பஞ்சாலைச் சங்கு ஊதினால் தாய்மார்கள் அடுப்பு மூட்டுவார்கள். இன்னொரு முறை ஊதினால் பிள்ளைகள் பள்ளிக்குப் புறப்படுவார்கள். வில்லியனூர்ச் சாலையிலே சோற்றுத் தூக்குகள் ஆட, தொழிலாளர் சைக்கிள் மிதித்துச் செல்வார்கள். அந்தச் சங்கு இன்று ஊதுவதில்லை. ஜனங்கள் ரோடியர் மில் என்று அழைத்து வந்த ஆங்கிலோ-பிரெஞ்சு துணி ஆலை 1898-ம் வருஷத்தில் தோன்றியது; 2011 டிசம்பர் 30-ந் தேதி வீசிய ‘தானே’ புயலில் பெருஞ் சேதம் அடைந்தது; 2020 ஏப்ரல் 30-ந் தேதியோடு மூடப்பட்டது. இடையில் எத்தனையோ தொழிலாளர் வேலையும் இல்லாமல், விடுதலையும் இல்லாமல், ‘லே-ஆப்’ என்ற பெயரில் பாதிச் சம்பளம் வாங்கிக்கொண்டு காலம் கழித்தார்கள்.

பாதிச் சம்பளம் என்பது ஒரு விசித்திரமான வஸ்து. அது வயிற்றை நிரப்புவதில்லை. ஆனால், நாளைக்கு ஆலை திறக்கும் என்ற நம்பிக்கையை மட்டும் அணையாமல் காக்கும். அந்த நம்பிக்கையிலேயே மனிதன் வேறு வேலை தேடாமல் இருந்துவிடுகிறான். பிறகு ஒரு நாள் அந்தப் பாதியும் நின்றுபோகிறது.

இரண்டாவது நிறுத்தம்

வேலையிழந்தவனுக்கு வரும் இடிகள் இரண்டு. முதலாவது, வேலை நிற்பது. அப்போது ஊரே அநுதாபப்படும்; மைத்துனன் அரிசி மூட்டை அனுப்புவான்; கடைக்காரர் “பார்த்துக் கொள்ளலாம்” என்பார். இரண்டாவது இடி, உதவித் தொகை நிற்பது. இது ஓசையின்றி வரும். அதற்குள் மைத்துனனுக்கும் கஷ்டம் வந்திருக்கும். கடைக்காரரின் கணக்குப் புத்தகமும் தடித்திருக்கும். வீட்டிலுள்ள நகையும், பிள்ளையின் படிப்பும், கால் காணி நிலமும் கைவிட்டுப் போவது பெரும்பாலும் இந்த இரண்டாவது இடியினால்தான்.

ஆனால் இதில் ஓர் ஆறுதலும் உண்டு. முதல் இடி சொல்லாமல் வருகிறது. இரண்டாவதோ தேதி குறித்துக்கொண்டு வருகிறது. உதவி எத்தனை மாதம் கிடைக்கும் என்பது முதல் நாளே தெரியும். தெரிந்த தேதிக்கு முன்னேற்பாடு செய்பவன் தப்பலாம் என்பதே இக்கட்டுரையின் சாரம்.

பிற தேசத்தார் கண்டது

இந்தக் கஷ்டம் நமக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் 1911-ல் இயற்றிய சட்டத்தின்படி வேலையற்ற தொழிலாளிக்கு வாரம் 7 ஷில்லிங், வருஷத்தில் அதிகமாகப் போனால் 15 வாரம் கிடைத்தது. பதினாறாவது வாரம் என்ன செய்வது என்ற கேள்வி அன்றே பிறந்துவிட்டது. 1931-ல் அந்நாட்டு சர்க்கார், காப்பீட்டுப் பலன் தீர்ந்தவர்களின் குடும்ப வரவு செலவைத் துருவி ஆராய்ந்து, அதற்குப் பின்பே உதவி தந்தது. மகன் சம்பாதித்தால் தகப்பனுக்குக் குறையும். 1936 அக்டோபரில் ஜாரோ என்ற ஊரிலிருந்து ஏறத்தாழ 200 பேர், கப்பல் கட்டும் துறை மூடப்பட்டதால், மனு ஒன்றை ஏந்தி லண்டன் வரை நடந்தே சென்றார்கள். ஊர் திரும்பியபோது, நடந்த நாட்களில் அவர்கள் வேலைக்குத் தயாராக இல்லை என்று கூறி உதவித் தொகையில் குறைத்தார்களாம்!

அதே 1936-ம் வருஷம் ஜூலை 30-ந் தேதி, புதுச்சேரியில் ஆலைத் தொழிலாளர் மீது துப்பாக்கிப் பிரயோகம் நடந்து 12 பேர் உயிர் நீத்தனர். அதன் பலனாக அடுத்த வருஷம் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. வேலை நேரத்துக்கு அன்று சட்டம் கிடைத்தது. வேலையில்லாத நேரத்துக்குச் சட்டம் வர நெடுங்காலம் பிடித்தது. 1948-ல் இயற்றிய இ.எஸ்.ஐ. சட்டம் நோய்க்கும் பிரசவத்துக்கும் விபத்துக்கும் வழி செய்தது. வேலையிழப்புக்கென்று அதன் கீழ் ஒரு திட்டம் 2005-ல்தான் வந்தது.

முதலில் கேட்க வேண்டியது

ஆகவே, சேதராப்பட்டிலோ கிருமாம்பாக்கத்திலோ ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து, அது மூடப்பட்டதனால் வீடு திரும்பும் தொழிலாளி ஒருவரை மனத்தில் வைத்துக்கொள்வோம். அவர் மாதச் சம்பளம் 13,000 ரூபாய். சேவை பத்து வருஷம். அவர் செய்ய வேண்டியது என்ன?

முதற்காரியம், எதில் கையெழுத்திடுகிறோம் என்று பார்ப்பது. “ராஜிநாமாக் கடிதம் கொடுத்துவிடும், கணக்கைச் சீக்கிரம் முடித்துவிடலாம்” என்று இனிமையாகச் சொல்பவர்கள் உண்டு. தானாக வேலையை விட்டவருக்கு இ.எஸ்.ஐ.யின் வேலையில்லாக் கால உதவி இல்லை. ஆலை மூடப்பட்டதாலோ ஆட்குறைப்பாலோ வேலை போயிற்று என்று எழுத்தில் இருப்பதே அவருக்குச் சொத்து.

இரண்டாவது, தம்முடையதைக் கேட்டு வாங்குவது. ஐந்து வருஷத்துக்கு மேல் சேவை செய்தவருக்குப் பணிக்கொடை உண்டு. மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, சேவை வருஷங்களால் பெருக்க வேண்டும். நம் தொழிலாளிக்கு இது வருஷத்துக்கு 7,500 வீதம் 75,000 ரூபாய். இதன்றி, ஆலையை மூடினால் வருஷத்துக்கு 15 நாள் சராசரிச் சம்பளம் நஷ்டஈடு என்ற விதி 1947-ம் வருஷத்துத் தொழில் தகராறுச் சட்டத்தில் இருந்தது. 2025 நவம்பர் 21-ல் அதன் இடத்தில் நடைமுறைக்கு வந்த புதிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. பி.எப். பணமும் அவருடையதே. இவையெல்லாம் தர்மம் அல்ல. தர வேண்டிய கடன். தராவிட்டால் தொழிலாளர் இலாகாவில் எழுத்து மூலம் முறையிடலாம். வக்கீல் வைக்கப் பணமில்லை என்று அஞ்ச வேண்டாம். 1987-ம் வருஷத்துச் சட்டப்படி தொழிற்சாலைத் தொழிலாளருக்கும், பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பாருக்கும் வருமானம் பாராமலே இலவசச் சட்ட உதவி உண்டு.

மூன்றாவது, இ.எஸ்.ஐ. உதவி. ஆலை மூடலாலும் ஆட்குறைப்பாலும் வேலையிழந்தவர், வேண்டிய காலம் சந்தா கட்டியிருந்தால், முதல் 12 மாதம் சராசரி நாட்கூலியில் 50 சதவீதமும், அடுத்த 12 மாதம் 25 சதவீதமும் பெறலாம். அக்காலத்தில் வைத்தியமும் உண்டு. 2018 ஜூலையில் வந்த மற்றொரு திட்டம், ஆயுளில் ஒரு முறை, 90 நாட்களுக்கு உதவி தருகிறது. இது அவ்வப்போது கால நீட்டிப்புப் பெற்று வருவதாதலால், மனுச் செய்யும்போது நடைமுறையில் உள்ளதா என்று காரியாலயத்தில் விசாரித்தறிவது நலம். எதுவாயினும் தாமதம் கூடாது. ஆறின சோறு தின்னலாம். ஆறின மனு பயன்படாது.

தண்டலும் அடகும்

இத்தனை வழிகள் இருந்தும் பெரும்பாலோர் முதலில் போவது எங்கே? தண்டல்காரரிடம்! காரணம் எளிது. சர்க்கார் காரியாலயம் பத்து மணிக்குத் திறக்கும். தண்டல்காரர் விடியற்காலையிலேயே வாசலுக்கு வருவார். அவர் தஸ்தாவேஜு கேட்பதில்லை. புன்சிரிப்போடு 10,000 ரூபாய்க் கடனுக்கு 8,500 ரூபாய் எண்ணிக் கொடுப்பார். பிறகு தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள் வசூல். நூறு நாளைக்கு 1,500 ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது. ஐம்பதாவது நாளில், வாங்கியதில் பாதிக்கு மேல் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. வட்டியோ முழுத்தொகைக்கும் முன்கூட்டியே பிடித்தாகிவிட்டது. வருமானம் இல்லாதவன் இருபது நாள் தவறினால், அதை அடைக்க இரண்டாவது தண்டல். இப்படிப்பட்ட கொடு வட்டியைத் தடுக்க அண்டையிலுள்ள தமிழ்நாடு 2003-ல் சட்டமே இயற்ற நேர்ந்தது.

மாத வட்டியின் கணக்கும் இதே கதைதான். நூற்றுக்குப் பத்து ரூபாய் வட்டியில் 10,000 ரூபாய் வாங்கினால் வருஷத்துக்கு வட்டி மட்டும் 12,000. அசல் அப்படியே நிற்கும். மகளிர் சுய உதவிக் குழுவிலோ, கூட்டுறவுச் சங்கத்திலோ நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டிக்குக் கிடைத்தால் வருஷ வட்டி 1,200. பத்து மடங்கு வித்தியாசம்! நகையை அடகு வைத்தே தீர வேண்டுமானால், அதைக் கூட்டுறவுச் சங்கத்திலோ பாங்கிலோ, ரசீது பெற்று, மீட்கும் தேதியைச் சுவரில் எழுதி வைத்து அடகு வைப்பதே விவேகம். ‘கழுத்தில் கிடந்தது கடையில் மூழ்கிற்று’ என்று பிறகு அழுவதில் பயனில்லை.

பாகூர் வயல் வெளியில்

இதுவரை சொன்னது சம்பளச் சீட்டும் இ.எஸ்.ஐ. எண்ணும் உள்ளவர்களுக்கு. பாகூர்ப் பக்கத்து விவசாயத் தொழிலாளிக்கு இவை ஏது? சொர்ணவாரி, சம்பா, நவரை என்று போகம் மாறும் இடைவெளியில் அவருக்கு வேலை தானாகவே நின்றுபோகிறது. அறுவடை யந்திரம் வந்த பிறகு, போகத்திலும் வேலை குறைந்திருக்கிறது. ஆலை மூடிய வீட்டில் மனைவி நாற்று நடப் போகலாம் என்று நினைத்தால், அங்கும் வேலையில்லை.

இவர்களுக்காக வந்ததே 2005-ம் வருஷத்துக் கிராம வேலை உறுதிச் சட்டம். அது வருஷத்துக்கு ஒரு குடும்பத்துக்கு 100 நாள் வேலை என்றது. அதற்குப் பதிலாக 2025 டிசம்பரில் பார்லிமெண்டு நிறைவேற்றிய சட்டம் 125 நாள் என்கிறது. நாட்களின் எண்ணிக்கையைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். அதைவிட அருமையான ஓர் அம்சத்தைப் பலர் அறியார். வேலை கேட்டு மனுக் கொடுத்த 15 நாளுக்குள் வேலை தராவிட்டால், வேலையில்லாப் படி தர வேண்டும் என்பதே அது. 2005-ம் வருஷத்துச் சட்டப்படி இது முதல் 30 நாளுக்குக் கூலியில் நாலில் ஒரு பங்குக்கும், பிறகு பாதிக்கும் குறையலாகாது.

ஆனால் 15 நாளை எங்கிருந்து எண்ணுவது? மனுக் கொடுத்த தேதியிலிருந்து. தேதி எங்கே? ரசீதில். “வேலை வந்தால் சொல்லியனுப்புகிறோம், அம்மா” என்ற வாய்ச்சொல்லில் தேதி கிடையாது. ஆகையால் கொம்யூன் பஞ்சாயத்துக் காரியாலயத்துக்குப் போகும் பெண்மணி, மனுவைக் கொடுத்த கையோடு தேதியிட்ட ரசீதையும் கேட்டு வாங்கிக்கொண்டு வரவேண்டும். எழுதத் தெரியாதவர்களுக்கு, எழுதத் தெரிந்த அண்டை வீட்டுப் பிள்ளை ஒரு மனு எழுதிக் கொடுத்தால், அது நூறு ரூபாய் தானம் செய்வதைவிடப் பெரிய உபகாரம்.

ஏரியும் மதகும்

இனி, நம் தொழிலாளியின் கணக்குக்குத் திரும்புவோம். பணிக்கொடை 75,000 ரூபாய் கைக்கு வந்த அன்று, வீட்டில் திருவிழாப் போலிருக்கும். பழைய கடன்காரர் வருவார். புது மோட்டார் சைக்கிள் வாங்கலாம் என்று மகன் சொல்வான். மகள் காது குத்தலை விமரிசையாக நடத்தலாம் என்று மாமியார் சொல்வார். ஆறு மாதத்தில் தொகை கரைந்துவிடும்.

வேறு விதமாகவும் செய்யலாம். முதல் வருஷம் இ.எஸ்.ஐ. உதவி மாதம் ஏறத்தாழ 6,500 ரூபாய். வீட்டில் கிடைக்கும் கூலியோடு இதில் காலம் தள்ளிப் பணிக்கொடையைத் தொடாமல் வைப்பது. இரண்டாம் வருஷம் உதவி 3,250 ரூபாயாகக் குறையும். குறைந்த 3,250-ஐப் பணிக்கொடையிலிருந்து மாதந்தோறும் எடுப்பது. வருஷத்துக்கு 39,000 செலவாகும். மூன்றாம் வருஷம் உதவி அடியோடு நிற்கும். அப்போதும் மீதி 36,000 ரூபாய், மாதம் 3,000 வீதம் இன்னும் ஒரு வருஷம் வரும். அதாவது, இரண்டு வருஷ உதவி மூன்று வருஷத் துணையாகிறது. மூன்று வருஷத்தில் வேறு தொழில் கற்கலாம்; பத்தாவது படிக்கும் பிள்ளை பன்னிரண்டாவதைத் தாண்டிவிடலாம்.

இது புதிய பொருளாதார சாஸ்திரம் ஒன்றுமில்லை. பாகூர் ஏரிக்கரையில் நிற்கும் எந்த விவசாயியும் அறிந்ததே. மழைக்காலத்தில் நிரம்பிய நீரை ஒரே நாளில் திறந்துவிட்டால், வயல் வெள்ளக் காடாகும்; பயிர் கதிர் வாங்கும் சமயத்தில் மதகில் சொட்டு நீர் இராது. அதனால்தான் முறை வைத்து நீர் விடுகிறார்கள்.

ஒரு காரியம் மாத்திரம் பாக்கி. சர்க்காரும் தன் பங்கை உணர வேண்டும். வேலையின்மைக் காலத்தில் பொது உதவி பெறும் உரிமைக்கு வகை செய்ய வேண்டும் என்று நமது அரசியல் சாசனத்தின் 41-வது ஷரத்து சொல்கிறது. சொல்லி முக்கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. கேட்பவர் கையில் ரசீது இருந்தால், கொடுப்பவரின் ஞாபகசக்தி தானே பலப்படும். ஆகையால், இன்றிரவே வீட்டில் விளக்கடியில் உட்கார்ந்து சம்பளச் சீட்டு, இ.எஸ்.ஐ. எண், பி.எப். எண், பாங்குப் புத்தகம், வேலை அட்டை இவற்றை ஒரே உறையில் போட்டு வையுங்கள். வேலை இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது.