அந்நிய மண்ணில் ஓர் அன்னையின் இல்லம்

பொருள் தேடிக் கடல் கடந்து செல்லும் பிள்ளைக்கு விபூதிப் பொட்டலமும் குலதெய்வத்தின் படமும் கொடுத்தனுப்புவது நம் இல்லங்களில் இன்றும் தொடரும் வழக்கம். ‘அங்கே கோயில் இருக்கிறதா?’ என்பதே பாட்டிமார் கேட்கும் முதற்கேள்வி. அக்கேள்வியில் பக்தி மட்டுமன்று, முகமறியாத ஊரில் பிள்ளைக்கு யார் ஆதரவு என்ற கவலையும் கலந்திருக்கிறது. சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் சாலையில் எழுந்தருளியிருக்கும் ஸ்ரீ மாரியம்மனின் ஆலய வரலாறு அந்தக் கவலைக்கு விடையாக அமைந்துள்ளது.

1819-ஆம் ஆண்டில் ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸுடன் பினாங்கிலிருந்து சிங்கப்பூர் வந்தவர் நாராயண பிள்ளை. புதிய ஊரில் வீடுகள் எழும்பப்போவதை உணர்ந்து அவர் செங்கற்சூளை தொடங்கினார். துணி வணிகத்திலும் ஈடுபட்டார். 1822-இல் அவருடைய கடை தீக்கிரையாயிற்று, கடன் சூழ்ந்தது. ஆயினும் அவர் தளர்ந்து திரும்பிவிடவில்லை. உழைத்து மீண்டும் தலைநிமிர்ந்தார்.

உடனிருந்த இந்துக்கள் வழிபட ஒரு கோயில் அமைய வேண்டும் என்பது அவருடைய பெருவிருப்பம். முதலில் தெலுக் ஆயர் தெருவில் இடம் ஒதுக்கப்பட்டது. பூசைக்கு வேண்டிய நன்னீர் அங்கே கிடைக்கவில்லை. அடுத்துக் குறிக்கப்பட்ட இடமும் கைகூடவில்லை. 1823-இல் இன்றைய இடம் வாய்த்தது. 1827-இல் மரமும் ஓலைக் கூரையுமாக எளிய ஆலயம் எழுந்தது. அதில் சிறு திருமேனியாக அமர்ந்தாள் ‘சின்ன அம்மன்’. 1843-இல் அது செங்கற்கட்டடமாயிற்று.

அக்காலத்தில் நாகப்பட்டினம், கடலூர்ப் பகுதிகளிலிருந்து கப்பலேறி வந்தோர் பலருக்கு அங்கே உற்றாரும் இல்லை, ஒதுங்க இடமும் இல்லை. வேலையும் நிலையான இருப்பிடமும் கிடைக்கும்வரை அம்மனின் ஆலயமே அவர்களுக்குப் புகலிடமாயிற்று. இந்துத் திருமணங்களை நடத்திப் பதிவு செய்யும் உரிமையும் ஒரு காலத்தில் இக்கோயிலுக்கே இருந்தது. தனியராய் வந்து இறங்கியவர்கள் தலைசாய்த்ததும், பின்னர் இல்லறத்தில் இணைந்ததும் அன்னையின் நிழலில்தான். இன்றும் ஐப்பசியில் நடைபெறும் தீமிதித் திருவிழாவில், சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து புறப்படும் பக்தர்கள் இங்கு வந்தே பூக்குழி இறங்குகின்றனர்.

ஆகவே, வெளிநாடு செல்லும் பேரப்பிள்ளைகளுக்குப் பெரியோர் சொல்லியனுப்ப வேண்டியவை இரண்டு. ஒன்று, ‘போன இடத்தில் கோயிலுக்குச் செல்.’ மற்றொன்று, ‘உனக்குப் பின் அங்கு வருபவனுக்கு ஒரு வேளைச் சோறும் ஓர் இரவுத் தங்கலும் கொடு.’ முன்னதைச் சொல்லும் நாம் பின்னதைப் பல நேரம் மறந்துவிடுகிறோம்.

இந்த அறம் கடல் கடந்தவர்க்கு மட்டும் உரியதன்று. மொழி தெரியாத தொலைதூர மாநிலத்திலிருந்து வந்து நம் தெருவில் வீடு கட்டும் இளைஞனும் ஒரு தாயின் பிள்ளையே. அவனுக்கும் எங்கோ ஒரு தாய் கைகூப்பி வேண்டிக்கொண்டிருக்கிறாள். அவன் கையில் நாம் தரும் ஒரு குவளை நீரும் அம்மனுக்குச் செய்யும் அபிடேகமே.